மணிக்கு நாற்பத்தொரு நிறுத்தங்கள்

எனக்குப் பிறவியிலேயே அமைந்த ஒரே திறமை தூக்கம்தான் என்று ஐம்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த நாலு வருடமும் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கினேன். பல் வைத்தியரின் நாற்காலியில், வாய் திறந்திருக்கும்போதே தூங்கியிருக்கிறேன். என் கல்யாணத்தில் மாமனார் பேசிக்கொண்டிருந்தபோதும் கண்ணயர்ந்தேன். "மனசுல கள்ளம் இல்லாத பையன், அதான் சட்டுனு தூக்கம் வருது" என்று அவர் சமாளித்ததைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கிய பின் பன்னிரண்டு வருடம் ஒரு டியூஷன் பள்ளியில் மற்றவர்களைத் தூங்கவைத்தேன். அதன் பிறகு இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து. தத்துவம் படித்தவன் ஓட்டுநரானதை இந்த ஊரில் சிலர் வீழ்ச்சியாக நினைக்கிறார்கள். பேருந்தில் முன்னால் ஒரு பாதை இருக்கிறது, அது எங்கே போகிறது என்பதும் தெரியும். தத்துவத்தில் இந்த இரண்டு வசதியும் கிடையாது.

என் தடம் ஷோனாய் சமவெளியில் ரயில் நிலையத்திலிருந்து கடலோர வெந்நீர் ஊற்று வரை. ஒரு மணி நேரம், முப்பத்தெட்டு நிறுத்தங்கள். பத்தொன்பதாவது நிறுத்தம் தாண்டியதும் சவுக்கு மாதிரி நெருக்கமாக நிற்கும் பைன் மரங்கள் முடிந்து, திடீரென்று கடல். அந்தத் திருப்பத்தில் எல்லாப் பயணிகளும் ஒரு கணம் போனிலிருந்து தலை தூக்குவார்கள். நானும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பேன். கால அட்டவணையில் அதற்கு இடமில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

போன நவம்பரில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தூக்கப் பரிசோதனை என்று கம்பெனி சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. இது நான் நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய பரீட்சை. விரலில் ஒரு கவ்வி, மூக்கடியில் ஒரு குழாய், உடம்பெல்லாம் ஒயர் என்று ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுத்து எழுந்தேன். டாக்டர் ஹனவா என்னைவிட இளைய பெண்மணி, சிரிக்காமல் பேசுகிறவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, என் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துச் சொன்னார்.

"மணிக்கு நாப்பத்தோரு தடவ உங்க மூச்சு நிக்குது, இகராஷி சான்."

என் பேருந்தே மணிக்கு முப்பத்தெட்டு தடவைதான் நிற்கிறது என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"நான் நல்லா தூங்குறேனே டாக்டர். படுத்த உடனே தூங்கிடுவேன்."

"அது தூக்கம் இல்ல. அசந்து விழுறீங்க. ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுறவங்க பகல்ல எங்க உக்காந்தாலும் விழுவாங்க."

என் ஒரே திறமை நோய் என்று தெரிந்த கணம் அது.

மறுநாள் காலை, பணிமனையில் வண்டிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஓதகி சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேஜையில் இருக்கும் பேனாக்களை நேராக அடுக்குவார். அன்றைக்கு எல்லாப் பேனாக்களும் நேராக இருந்தன.

"தண்டனைன்னு நினைக்காதீங்க. ராத்திரி மூக்குல மாட்டிக்கிற மெஷின் தருவாங்களாம். முப்பது ராத்திரியில இருபத்தோரு ராத்திரி, ஒவ்வொண்ணும் நாலு மணி நேரத்துக்குக் குறையாம அதைப் போட்டிருக்கணும். மூச்சு நிக்கிறதும் பத்துக்குக் கீழ வரணும். டாக்டர் கடுதாசி குடுத்தா அடுத்த நாளே வண்டி."

"குடுக்கலேன்னா?"

"தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல நிரந்தரமா ஒரு ஆள் வேணும்."

இடைக்காலமாக அந்தக் கவுண்டரில்தான் உட்காரவைத்தார்கள். பனிக்காலத்தில் அங்கே வருவது பெரும்பாலும் குடைகள். கறுப்புக் குடை, மடக்குக் குடை, கம்பி உடைந்த குடை என்று எழுதி, எண் கட்டி, அடுக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வண்டி எடுக்கப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன இகராஷி சான், குடையெல்லாம் ஒழுங்கா மூச்சு விடுதா?"

"உங்களவிட நல்லாவே" என்பேன். ஆனால் அவர்கள் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்கும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

ஜனவரி பத்தாம் தேதி கருவி வந்தது. சீபாப் என்று பெயர். ரொட்டி சுடும் பெட்டி அளவில் இருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாய் முனையில் மூக்குக்கு ரப்பர் முகமூடி. காற்றை மெல்ல அழுத்தி ஊதி, தொண்டை அடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் போட்டேன், எங்கே காற்று கசிந்தது, எத்தனை தடவை மூச்சு நின்றது என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குத் தானே தெரிவித்துவிடும். மனைவிக்குக்கூடச் சொல்லாத விஷயங்களை அது முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லும்.

அதை வைத்த இடம் எங்கள் வீட்டு முன்னோர் மாட அறை. என் அப்பா, தாத்தா, அதற்கு முந்தியவர்கள் எல்லாருடைய பெயர்ப் பலகைகளும் கறுப்பு மர மாடத்துக்குள் இருக்கும் அறை அது. குறட்டை தாங்காமல் ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மனைவி நொபுகோ என் மெத்தையைச் சுருட்டி அங்கே போட்டிருந்தாள். பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகியும் அவள் என்னை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

"அவங்க ஏற்கெனவே செத்தவங்கப்பா. உங்க குறட்டையால அவங்களுக்குப் புதுசா ஒண்ணும் ஆகாது" என்பது அவள் கொடுத்த விளக்கம்.

முதல் சண்டை முகமூடியோடு. காற்று ஓரத்தில் கசிந்து நேராகக் கண்ணுக்குள் அடித்தது. பேருந்தில் எது ஆடினாலும் இறுக்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். வாரை இறுக்கினேன். இன்னும் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். காலையில் கண்கள் முயல் கண் மாதிரி சிவந்திருந்தன, கன்னத்தில் இரண்டு பள்ளம். "யாரு அறைஞ்சது?" என்று பணிமனையில் கேட்டார்கள். நொபுகோ இரக்கப்பட்டு, குதிரைக் கொழுப்புக் களிம்பை முகம் முழுக்கத் தடவிவிட்டாள். அன்று முகமூடி என் மூக்கில் நிற்காமல் காதுக்கு வழுக்கிப் போனது.

கருவிக் கம்பெனியின் ஆலோசகர் மிகாமி சான் என்ற பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"இறுக்க இறுக்கத்தான் கசியும், இகராஷி சான். அந்த ரப்பர் காத்துல உப்பி முகத்துல உக்காரணும். நீங்க நசுக்கி வெச்சிருக்கீங்க. மெஷின ஓடவிட்டு, படுத்துக்கிட்டே வாரைத் தளர்த்துங்க. உக்காந்துக்கிட்டு மாட்டாதீங்க, படுத்தா முகம் மாறும். காலையில ரப்பரை சோப்புத் தண்ணியில கழுவுங்க. மூஞ்சில ஒண்ணும் பூசாதீங்க."

"குதிரைக் கொழுப்புகூடவா?"

"குதிரைக்கும் பூசாதீங்க."

தளர்த்தினேன், கசிவு நின்றது. இறுக்கத்தைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதை நாலு வருடப் பல்கலைக்கழகம் எனக்குச் சொல்லித்தரவில்லை. அல்லது சொன்னபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வாய் வறட்சி. கருவிக்குள் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி உண்டு; காற்றை ஈரப்படுத்தும். படித்த மனிதன் அல்லவா, யோசித்தேன்: வறட்சிக்கு மருந்து ஈரம், அதிக வறட்சிக்கு அதிக ஈரம். உச்சத்துக்குத் திருப்பினேன். எங்கள் வீட்டில் படுக்கும்போது மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைத்துவிடுவோம். விடியும்போது அறையில் ஐந்து டிகிரி இருந்தால் அதிகம். அந்தக் குளிரில் குழாய்க்குள் ஈரம் தண்ணீராகி வழிந்து இறங்கியது. பேருந்தைக் கடலுக்குள் ஓட்டுவது போலக் கனவு கண்டேன். விழித்தால் கடல் என் மூக்குக்குள் இருந்தது.

"மெஷின் உங்க தலையவிடத் தாழ இருக்குதா?" என்று போனில் கேட்டார் மிகாமி சான்; தாழ இருந்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடுமாம்.

"நான் தரையிலதான் படுக்கிறேன்."

"மெஷின் எங்க இருக்கு?"

"அதுவும் தரையிலதான்."

"அதவிடக் கீழ வைக்க வழி இருக்கா?"

"அதுக்குக் கீழ எலிதான் இருக்கு."

தலையணைக்குக் கீழே கட்டில் இருக்கும் என்று நினைத்துச் செய்த கருவி போலிருக்கிறது. கடைசியில், கருவியைத் தாழ்த்த முடியாவிட்டால் என்னை உயர்த்துவது என்று முடிவாயிற்று. விருந்தாளிகளுக்கு வைத்திருந்த இரண்டு மெத்தைகளையும் என் மெத்தைக்கு அடியில் போட்டு, கடையில் அடுக்கிய முலாம்பழம் மாதிரி உச்சியில் படுத்தேன். ஈரத்தைக் குறைத்து, குழாயைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். நொபுகோ என் பழைய பைஜாமாவின் ஒரு காலை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்தாள். மழை நின்றது. பதினைந்தாம் இரவு முடிந்தபோது பத்து நல்ல இரவுகள் கணக்கில் இருந்தன. மூச்சு நிற்பது மணிக்கு ஆறாக இறங்கியிருந்தது.

இங்கேதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

எனக்குப் பக்தி கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் கூடினால் நானே சொல்லிக்கொள்வேன். தினமும் காலையில் மாடத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றுவது நொபுகோதான். நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் எண்கள் நன்றாக வரத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கெட்டது நடக்கும்போது மனிதன் யோசிக்கிறான், நல்லது நடக்கும்போதுதான் வேண்டிக்கொள்கிறான். பதினாறாம் நாள், படுப்பதற்கு முன் நொபுகோ குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு ஊதுவத்தி ஏற்றினேன். "அப்பா, இன்னும் பதினோரு ராத்திரிதான். நாலு நாலு மணி நேரம்" என்று முணுமுணுத்தேன். அப்பா மீன் சந்தையில் ஏலம் கூறியவர், எண்களை மதிப்பவர்.

அன்று மூன்றரை மணி நேரம்தான் தேறியது. காற்று பலவீனமாக இருப்பது போலவும் கருவி முனகுவது போலவும் தோன்றியது. தூக்கத்திலேயே முகமூடியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். அடுத்த நாள் நாலு ஊதுவத்தி. அன்று மூன்று மணி நேரம். பக்தி போதவில்லை என்று முடிவு செய்தேன். புத்த குரு வரும் நாளுக்காக நொபுகோ இழுப்பறையில் வைத்திருந்த உயர்ந்த சந்தன வத்தியை எடுத்தேன். பனிக்காலம் என்று ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்த அறை. அறையில் இருந்த ஒரே மின் இணைப்பு மாடத்தின் காலடியில். கருவி, ஊதுவத்திச் சட்டியிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் உட்கார்ந்து, அறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மணிக்கு ஆறு என்பது பதினாலு ஆயிற்று. நான் வத்திகளைக் கட்டாக ஏற்றத் தொடங்கினேன்.

இருபத்திரண்டாம் இரவுக்குப் பிறகு கணக்கு பதின்மூன்று. மிகாமி சான் தானே போன் செய்து, பிற்பகலில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கவுண்டரில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். குடைகள் ஆட்சேபிக்கவில்லை.

முப்பது வயதிருக்கும் அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாடத்தைப் பார்த்ததும், யார் வீட்டுக்குப் போனாலும் செய்யும் முறைப்படி மண்டியிட்டு, ஒரு ஊதுவத்தி ஏற்றி, மணியைத் தட்டி வணங்கினார். பிறகுதான் கருவிப் பக்கம் திரும்பினார். பின்புறத்தில் இருந்த சின்ன வடிகட்டியை உருவி எடுத்தார். அது வெள்ளையாக இருக்க வேண்டியது. தேநீர் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது.

"வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?"

நொபுகோ என் பக்கம் திரும்பினாள். நான் சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

"அப்பா" என்றாள்.

நான் மாடத்தைப் பார்த்தேன்.

"பதினோரு வருஷமா விட்டுட்டேன்னு சொல்லிட்டிருக்காரு" என்று மிகாமி சானிடம் சொன்னாள். "அதுவும் மூக்குல மெஷின மாட்டிக்கிட்டு."

மிகாமி சான் வடிகட்டியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது சிகரெட் இல்ல மேடம். சந்தனம்."

"நான் காலையில ஒரே ஒரு குச்சிதான் கொளுத்துறேன்."

"ஒரு குச்சியில இது வராது மேடம். இது ஒரு கோயில் அளவுக்கு இருக்கு."

நொபுகோ எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள். சந்தன வத்திப் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"அப்பா, நீங்களா?"

"சிகரெட்டுன்னே வெச்சுக்கோ" என்றேன்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"நாலு மணி நேரம்."

அவள் மாடத்தைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அவங்கதான் என்ன பண்ணுவாங்க பாவம். மூச்சு குடுன்னு கேட்டுக்கிட்டே மூச்ச அடைச்சிருக்கீங்க. எந்தப் பக்கம் கேக்கணும்னு அவங்களுக்கே குழப்பமாயிருக்கும்."

மிகாமி சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் ஏற்றிய ஊதுவத்தியை மெதுவாக எடுத்து, சட்டியில் இருந்த சாம்பலில் குத்தி அணைத்தார். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது போல மாடத்தைப் பார்த்து மறுபடியும் தலை குனிந்தார். புது வடிகட்டி போட்டார். வாரம் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். பிறகு கணக்குச் சொன்னார்.

"இன்னும் எட்டு ராத்திரி இருக்கு. எட்டும் வேணும். ஒண்ணு தவறினாலும் முதல்லேருந்து முப்பது நாள். மெஷினும் ஊதுவத்தியும் ஒரே அறையில இருக்கவே கூடாது."

"ஊதுவத்தி நிக்காது" என்றாள் நொபுகோ.

"அப்ப மெஷின்தான் நகரணும்."

"மெஷினோட சேத்து இவரும் நகரணுமே" என்று நொபுகோ பெருமூச்சு விட்டாள். முட்டி வலிக்காக அவள் அறையில் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். கட்டிலைவிடத் தாழ்வான ஒரு முக்காலியும் அங்கே உண்டு. ஐந்து வருடம் கழித்து நான் அந்த அறைக்குத் திரும்பியது காதலால் அல்ல, முக்காலியின் உயரத்தால்.

அந்த எட்டு இரவுகளில் என் பங்கு குறைவு. நான் படுத்தேன், அவ்வளவுதான். நாலாம் இரவு தூக்கத்தில் முகமூடியைக் கழற்றப் போனபோது போர்வைக்கு அடியிலிருந்து ஒரு உதை விழுந்தது. ஆறாம் இரவும் விழுந்தது. கருவியின் அறிக்கையில் உதைகளுக்குத் தனிப் பத்தி இல்லை. டாக்டர் ஹனவா காகிதத்தைப் புரட்டினார்.

"சரியா இருபத்தொண்ணு. மூச்சு நிக்கிறது மணிக்கு அஞ்சு. ஒரு ராத்திரிகூட அதிகம் இல்ல."

"தேவைக்கு மேல எதையும் செய்யறதில்ல டாக்டர்."

"இனிமே செய்யுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

ஓதகி சான் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஆறு நாற்பது வண்டியை என் பெயரில் எழுதினார். அன்று இரவு சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்தேன். முகமூடி பொருந்தியிருந்தது, தண்ணீர் இல்லை, கசிவு இல்லை, காற்று சீராக வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. படுத்தால் தூங்கிவிடுகிறவன் என்று பெயர் வாங்கியவன், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை முப்பத்தெட்டு நிறுத்தங்களையும் வரிசையாக மனதில் ஓட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அதில் கடைசி ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பேன். காலையில் போனில் கருவியின் அறிக்கை வந்தது: ஏழு மணி நான்கு நிமிடம், கசிவு இல்லை, பச்சை நிறத்தில் 'மிகச் சிறப்பு'.

வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர் ஒவ்வொருவரும் மேஜைக்கு எதிரே நின்று, மதுச் சோதனைக் குழாயில் ஊதி, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சட்டம். ஊதினேன். பூஜ்யம்.

"உடம்புக்கு ஏதாவது? அசதி, தூக்கக் குறைவு?" என்று ஓதகி சான் தாளைப் பார்த்தபடியே கேட்டார். பேனா ஏற்கெனவே 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் இருந்தது. இருபத்திரண்டு வருடம், விடுப்பு போக எல்லாக் காலையிலும், நான் சொன்ன பதில் அதுதான். மணிக்கு நாற்பத்தோரு தடவை செத்துப் பிழைத்த இரவுகளின் மறு காலைகளிலும் அதைத்தான், முழு நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கையில் பச்சை நிறத்தில் சாட்சியும் இருக்கிறது.

"தூங்கல" என்றேன்.

பேனா நின்றது.

"நேத்துதானே கடுதாசி வந்துது."

"மெஷின் போட்டிருந்தேன். ஏழு மணி நேரம். தூங்கல."

"ஏன்?"

"இன்னிக்கு வண்டி ஓட்டப் போறேன்ல. அந்த சந்தோஷம்."

ஓதகி சான் பேனாக்களை அடுக்கத் தொடங்கினார்.

"இப்படிச் சொன்னா நான் வண்டி தர முடியாதே, இகராஷி சான்."

"தெரியும்."

"சும்மா இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

"அதான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தேன்."

ஆறு நாற்பதை வேறொருவர் எடுத்தார். என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, முடிந்தால் இரண்டு நாற்பது வண்டிக்கு வரச் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து திரும்பினேன். கதவைத் திறந்த நொபுகோ காரணம் கேட்டாள், சொன்னேன். "உண்மை சொல்றதுக்கு வேற நாளே கிடைக்கலையாப்பா" என்று முணுமுணுத்தபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெயில் தெரியாத அறையில் முகமூடியை மாட்டிப் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கருவிக்கு நேரம் மட்டும் தெரியும்.

இரண்டரைக்கு மறுபடியும் மேஜைக்கு எதிரே நின்று ஊதினேன். மறுபடியும் அதே கேள்வி.

"தூங்கினேன். நாலு மணி ஆறு நிமிஷம்." போனை நீட்டினேன்.

ஓதகி சான் கையை ஆட்டினார். "அதெல்லாம் வேணாம். நீங்க சொன்னா போதும்."

"இருபத்திரண்டு வருஷமா நான் சொன்னத வெச்சுத்தான் வண்டி குடுத்தீங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். போனைத் திருப்பித் தந்து, அதன் மேலேயே சாவியை வைத்தார்.

இரண்டு நாற்பது வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.